கொழும்பில் டே கெயார், முன்பள்ளி நடத்துவோருக்கு: பிள்ளையின் மனம், எல்லோருக்கும் இடம், பெரியவர்களின் போன் – ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் மாடிவீட்டின் மேல்தளம், கொட்டாஞ்சேனையில் பழைய வீடொன்றின் முன்விறாந்தை, கொள்ளுப்பிட்டியில் அலுவலகக் கட்டடத்தின் ஓர் அறை. கொழும்பில் பல டே கெயார்கள் இப்படித்தான் நடக்கின்றன. காலை ஏழு மணிக்கு விடப்படும் பிள்ளையை, காலி வீதி நெரிசலைத் தாண்டி வந்து கூட்டிப்போக மாலை ஆறு ஆகிவிடும். பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி உங்களோடுதான் கழிகிறது.

பயிற்சி வகுப்புகளில் மனநலம், உள்வாங்கல் (எந்தப் பிள்ளையையும் ஒதுக்காமல் சேர்த்துக்கொள்வது), இணையப் பாதுகாப்பு என்று மூன்று ஃபைல் கொடுப்பார்கள். வேலை நடக்கும் இடத்தில் அவை அப்படிப் பிரிந்து வருவதில்லை. தமிழ் மட்டும் விளங்கும் இரண்டரை வயதுப் பிள்ளை அழுகிறது. சிங்களம் மட்டும் தெரிந்த ஆயாவுக்கு ஏன் அழுகிறது என்று புரியவில்லை. தன் போனில் ஒரு கார்ட்டூனைப் போட்டுக் கையில் கொடுக்கிறார், அழுகை நின்றுவிடுகிறது. மூன்று பிரச்சினையும் அந்த ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிட்டன. அதனால்தான் இந்த வழிகாட்டியைத் தலைப்பு வாரியாக எழுதாமல், பிள்ளை உங்களிடம் வந்து சேரும் நாளிலிருந்து விலகும் நாள் வரையான ஒழுங்கில் எழுதியிருக்கிறேன்.

முதற்படி: சேர்க்கும் நாளில் கேட்க வேண்டியவை

பெயர், முகவரி, தொலைபேசி எண், இரத்த வகை. பெரும்பாலான படிவங்கள் இதோடு முடிந்துவிடும். இவை தேவைதான், ஆனால் முதல் நாள் மத்தியானம் அழும் பிள்ளையைத் தேற்ற இவற்றில் ஒன்றும் உதவாது.

வீட்டில் யார் தூங்க வைப்பார், எப்படி? மடியில் ஆட்டியா, முதுகில் தட்டியா, ஃபேன் சத்தம் இருந்தால்தானா? பயந்தால் எங்கே ஒளியும்? சிறுநீர் வந்தால், பசித்தால், வலித்தால் வீட்டில் என்ன சொல் சொல்லும்? இந்தச் சொற்கள் வீட்டுக்கு வீடு மாறும். அம்மாவை எப்படிக் கூப்பிடுகிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ‘உம்மா’ என்று கூப்பிடும் பிள்ளையிடம் ‘அம்மா வருவா’ என்று நாள் முழுக்கச் சொன்னாலும் அதற்கு ஆறுதல் கிடைக்காது.

பிள்ளை பிறந்தபோது கொடுக்கப்பட்ட சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். தடுப்பூசி, நிறை, உயரத்தோடு எந்த வயதில் என்ன செய்ய வேண்டும் என்ற வளர்ச்சிப் படிகளும் அதில் இருக்கின்றன. பல வீடுகளில் அது அலுமாரிக்குள் உறங்கும், தடுப்பூசி நாளில் மட்டும் வெளியே வரும்.

அடுத்தது, யார் கூட்டிப்போகலாம் என்ற பட்டியல். அம்மம்மா, சித்தப்பா, ஸ்கூல் வான் அங்கிள், வழக்கமான ஓட்டோக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் பெயர், அடையாள அட்டை எண், ஒரு படம் வேண்டும். பட்டியலில் இல்லாத ஒருவர் வந்து நின்றால், அவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், பெற்றோருக்கு அழைப்பு எடுத்துக் குரலைக் கேட்காமல் பிள்ளையை விடக் கூடாது. வட்ஸ்அப்பில் வந்த மெசேஜ் போதாது, அந்த போன் யார் கையிலும் இருக்கலாம். பெற்றோர் பிரிந்து வாழ்ந்து நீதிமன்றக் கட்டளை ஏதும் இருந்தால் அதன் பிரதியை வாங்கி வையுங்கள். கேட்கச் சங்கடம்தான். வாசலில் இருவரும் சண்டை பிடிக்கும் நாளில் கேட்பது அதைவிடச் சங்கடம்.

இரண்டாம் படி: பழகும் கிழமை

‘முதல் நாள் அழும், ரெண்டு நாளில் சரியாகிவிடும்’ என்று சொல்லிப் பிள்ளையை வாங்கிக் கதவை மூடுவது நம் ஊர் வழக்கம். பெரும்பாலான பிள்ளைகள் அழுகையை நிறுத்தத்தான் செய்கின்றன. ஆனால் அமைதியான பிள்ளை எல்லாம் பழகிய பிள்ளை என்று நினைக்க வேண்டாம். சாப்பிடாமல், விளையாடாமல், ஒரு மூலையில் பையைக் கட்டிப்பிடித்தபடி இருக்கும் பிள்ளை இன்னும் பழகவில்லை.

முதல் நாள் வீட்டவர் ஒருவர் கூடவே இருக்கட்டும். அடுத்த நாள் அரை மணி நேரம் வெளியே போய்வரட்டும். பிறகு சாப்பாடு வரை, அதன் பிறகு தூக்கம் வரை நேரத்தை நீட்டுங்கள். வேலைக்குப் போகும் அம்மாவுக்கு ஒரு கிழமை லீவு கிடைக்காது என்பது உண்மை. அம்மம்மாவோ அப்பப்பாவோ வரலாம், முடியாவிட்டால் இரண்டு காலை நேரமாவது போதும். போகும்போது பிள்ளை பார்க்காத நேரம் நழுவிப்போகச் சொல்லாதீர்கள். ‘அம்மா போயிட்டு, நீ நித்திரையால எழும்பி பால் குடிச்ச பிறகு வருவன்’ என்று சொல்லிவிட்டுப் போகட்டும். அழும்தான். ஆனால் சொன்னபடி திரும்பி வருகிறார் என்பதைப் பிள்ளை சில நாட்களில் கண்டுகொள்ளும். நழுவிப் போனால், எந்த நேரமும் காணாமல் போய்விடுவார் என்ற பயம்தான் வளரும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஆயாவோ டீச்சரோ உரியவராக இருக்க வேண்டும். காலையில் வாங்குவது, சாப்பாடு, பம்பர்ஸ் மாற்றுவது, தூங்க வைப்பது என்று முடிந்தவரை அவரே பார்க்கட்டும். இங்கேதான் ஆட்கணக்கு வருகிறது. இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குக் குறைந்த 3 பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது சட்டம், இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 2023 செப்டெம்பரிலிருந்து 5 பேருக்கு ஒருவர். கொழும்பின் மாதக் கட்டணத்தில் அது முடியுமா என்று நீங்கள் கேட்பது நியாயம். ஆனால் ஓர் ஆயா எட்டுக் கைக்குழந்தைகளைப் பார்க்கும் இடத்தில் மனநலம் பற்றிச் சுவரில் போஸ்டர் ஒட்டிப் பயனில்லை. ஆயாவுக்கு உட்கார்ந்து சாப்பிட அரை மணி நேரம் உண்டா, சம்பளம் நாள் தவறாமல் கிடைக்கிறதா, வீட்டில் அவருடைய பிள்ளையை யார் பார்க்கிறார் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் சேர்ந்தவை. களைத்துப்போன ஆள்தான் முதலில் கையை ஓங்குவார், முதலில் போனை எடுத்துக் கொடுப்பவரும் அவரே.

சில வாசகங்களை உங்கள் இடத்தில் அடியோடு நிறுத்திவிடுங்கள். ‘பொலிஸ் வந்து பிடிச்சுக்கொண்டு போகும்’, ‘அம்மா இனி வரமாட்டா’, ‘ஆம்பிளைப் பிள்ளை அழுறதா?’, ‘சாப்பிடாட்டி இருட்டு ரூமில விடுவன்’. நாளைக்கு ஒரு பிள்ளை உண்மையாகவே பொலிஸிடம் உதவி கேட்க வேண்டி வந்தால், முதல் வாசகத்தின் விளைவு அப்போது தெரியும். இவற்றுக்குப் பதிலாகப் பிள்ளைக்கு உணர்வைச் சொல்லச் சொல் கொடுங்கள்: ‘கோவமா இருக்கா?’, ‘அம்மாவத் தேடுதா?’, ‘பயமா இருக்கா?’. மூலையில் ஒரு பாய், தலையணை, இரண்டு படப் புத்தகம் போட்டு அமைதியான இடம் ஒன்று வையுங்கள். அது தண்டனை மூலையாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தானாகப் போய் உட்காரத் தோன்றும் இடமாக இருக்க வேண்டும். பாடசாலைகளில் அடிப்பதற்கு எதிரான கல்வி அமைச்சுச் சுற்றறிக்கை 2005இலேயே வந்துவிட்டது. மூன்று வயதுப் பிள்ளைக்கு வேறு கணக்கு இருக்க முடியாது.

மூன்றாம் படி: நாளின் ஒழுங்கு

உலக சுகாதார அமைப்பு 2019இல் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கென வழிகாட்டல் ஒன்றை வெளியிட்டது. 1 முதல் 4 வயது வரை நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடல் அசைவு. தூக்கம், பகல் தூக்கத்தையும் சேர்த்து, 1–2 வயதில் 11 முதல் 14 மணி நேரம், 3–4 வயதில் 10 முதல் 13 மணி நேரம். ஒரு வயதில் உட்கார்ந்து திரை பார்ப்பது வேண்டவே வேண்டாம், 2 முதல் 4 வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் நல்லது. இந்த ஒரு மணி நேரம் முழு நாளுக்கும் உரியது. வீட்டில் இரவுச் சாப்பாட்டோடு அது எப்படியும் செலவாகிவிடும் என்பதால், டே கெயாரின் பங்கு பூச்சியம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

180 நிமிடம் ஓட கொழும்பில் இடம் எங்கே? பெரிய முற்றம் இருக்க வேண்டியதில்லை. தலையணைகளை அடுக்கி ஏறுவது, பாட்டுக்கு ஆடுவது, வாளியில் தண்ணீர் சுமந்து செடிக்கு ஊற்றுவது எல்லாம் கணக்கில் சேரும். மாடியில் விளையாட விட்டால் தடுப்புச் சுவரையும் அதன் அருகே கதிரை கிடக்கிறதா என்பதையும் பாருங்கள். மழைக்காலத்தில் பூச்சாடித் தட்டுகளிலும் பீலிகளிலும் தேங்கும் தண்ணீரைக் கிழமைக்கு ஒருமுறை கொட்டுங்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும், பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும்.

எழுத்துப் பயிற்சி பற்றி ஒரு வார்த்தை. முதலாம் தரத்துக்கு நல்ல பள்ளி கிடைக்க வேண்டும் என்ற பதற்றம் மூன்று வயதிலேயே தொடங்கிவிடுகிறது, ‘கொப்பியில ஒண்டும் எழுதேல்லையே’ என்று பெற்றோர் கேட்பார்கள். விஜயதசமிக்கு அரிசியில் ஏடு தொடக்குவது அழகான சடங்கு. அடுத்த நாளே நான்கு பக்கம் எழுத வைக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தமில்லை. மா பிசைதல், மணி கோத்தல், காகிதம் கிழித்து ஒட்டுதல் ஆகியவற்றைப் படமாக இல்லாமல் நேரில் பெற்றோருக்குக் காட்டி, பென்சில் பிடிக்கும் விரல் இப்படித்தான் பலம் பெறுகிறது என்று விளக்குங்கள். பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்வார்கள். சிலர் பிள்ளையை வேறு இடத்துக்கு மாற்றுவார்கள், அதற்காக உங்கள் ஒழுங்கை மாற்ற வேண்டாம்.

நான்காம் படி: எல்லாப் பிள்ளைக்கும் இடம்

வீட்டில் தமிழ், ஆயா சிங்களம், கட்டணம் கட்டும் அப்பா விரும்புவது ஆங்கிலம். கொழும்பில் இது சாதாரணம். பிள்ளைகள் பல மொழிகளைத் தாங்கிக்கொள்வார்கள். ஆனால் தேற்றுவதும் பாத்ரூம் விஷயமும் வீட்டு மொழியில்தான் நடக்க வேண்டும். தமிழ் தெரியாத ஆயாவுக்கு ‘பசிக்குதா, நோகுதா, தண்ணி, பயம், அம்மா வருவா’ போன்ற பதினைந்து இருபது சொற்களைச் சிங்கள எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், தமிழ் ஆயாவுக்குச் சிங்களப் பிள்ளைகளின் சொற்களை அதேபோல. வீட்டில் தமிழை விட்டு ஆங்கிலம் பேசுங்கள் என்று பெற்றோருக்கு ஒருநாளும் ஆலோசனை சொல்லாதீர்கள். அரைகுறை ஆங்கிலத்தில் பேசும் வீட்டில் கதையும் குறையும், அம்மம்மாவோடு பேச்சும் குறையும்.

புதிய மொழிச் சூழலுக்கு வந்த பிள்ளை சில கிழமைகள், சிலவேளை மாதங்கள்கூட, வாய் திறக்காமல் இருக்கலாம். வீட்டில் நன்றாகக் கதைக்கிறதா என்று கேளுங்கள். கதைத்தால் பொறுத்திருங்கள். வீட்டு மொழியிலும் பேச்சு இல்லையென்றால் அது வேறு விஷயம். ஒன்றரை வயதிலும் விரலால் சுட்டிக் காட்டாதது, இரண்டு வயதிலும் இரண்டு சொல்லைச் சேர்க்காதது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, ஏற்கெனவே இருந்த சொற்களை இழப்பது ஆகியவற்றைக் கண்டால் தள்ளிப்போட வேண்டாம். ‘அவற்ற அப்பாவும் லேட்டாத்தான் கதைச்சவர்’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையாக இருக்கலாம். சோதித்துப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமே.

இதைப் பெற்றோரிடம் சொல்லும் விதம் முக்கியம். மாலை வாசலில் மற்றவர்கள் நிற்கும்போது சொல்ல வேண்டாம், வட்ஸ்அப்பிலும் வேண்டாம். இரண்டு கிழமை கண்டதை நாள் போட்டு எழுதிவையுங்கள். கதிரை போட்டு இருத்தி, பிள்ளை நன்றாகச் செய்யும் விஷயங்களில் தொடங்குங்கள். நோயின் பெயர் எதையும் நீங்கள் சொல்ல வேண்டாம், அது உங்கள் வேலை இல்லை. ‘இதை இதைப் பார்த்தோம், ஒருக்கா காட்டுவோமா?’ என்பது போதும். பகுதிக் குடும்ப சுகாதார மருத்துவ மாது, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, அங்கிருந்து பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை என்பது வழக்கமான பாதை.

முடிவு வரும்வரை காத்திருக்காமல் உங்கள் இடத்திலேயே செய்யக்கூடியவை பல. நாளின் ஒழுங்கைப் படங்களாக வரிசையில் ஒட்டுவது: கை கழுவல், சாப்பாடு, விளையாட்டு, தூக்கம். சத்தம் தாங்காத பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு மேளத்தை எடுப்பது. நடக்கச் சிரமப்படும் பிள்ளை இருந்தால் மேல்மாடி வகுப்பைக் கீழே மாற்றுவது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் ‘எங்களிடம் வசதி இல்லை’ என்ற பதிலோடு திரும்பிப் போகும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். எந்த வசதி என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது.

சாப்பாட்டில் ஹலால், சைவம், ஒவ்வாமை மூன்றையும் ஒரே அட்டையில் எழுதிச் சமையலறையில் தொங்கவிடுங்கள். விழா நாளில் எல்லாப் பிள்ளைக்கும் பொட்டு வைத்துப் படம் எடுக்கும் முன் வீட்டில் கேளுங்கள். பிறந்தநாள் கேக் போட்டி தொடங்கிவிட்டால் வாடகைக்கே திண்டாடும் குடும்பம் ஒன்று அந்த நாளில் பிள்ளையை லீவு போட வைக்கும். உங்கள் இடத்திலேயே ஒரே மாதிரிச் சின்னக் கொண்டாட்டம் என்று விதி வையுங்கள். அம்மா மத்திய கிழக்கில் வேலை செய்யும் பிள்ளை அன்னையர் தின அட்டையை அம்மம்மாவுக்குச் செய்யட்டும். ‘கறுவல்’, ‘குண்டு’ போன்ற பட்டங்கள் பிள்ளைகளிடம் தொடங்குவதில்லை, ஆயாமாரின் செல்லப் பேச்சில்தான் தொடங்குகின்றன. அங்கேயே நிறுத்துங்கள்.

ஐந்தாம் படி: போன்

ஐந்து வயதுக்குள் இணையப் பாதுகாப்பு என்றால் பெரும்பாலும் பெரியவர்கள் என்ன படம் எடுக்கிறார்கள், எங்கே போடுகிறார்கள், எதைக் கையில் கொடுக்கிறார்கள் என்பதுதான். பிள்ளைக்கு ஃபேஸ்புக் கணக்கு இல்லை, ஆனால் அதன் முகம் அங்கே இருக்கிறது.

ஊழியர்களின் சொந்த போன் பிள்ளைகள் இருக்கும் அறைக்குள் வரக் கூடாது. வாசலில் பெட்டி ஒன்று வைத்து, நிலையத்தின் எண்ணை அவர்கள் வீடுகளுக்கும் கொடுத்துவிடுங்கள், அவசரம் என்றால் அதற்கு எடுக்கட்டும். உரிமையாளரான உங்களுக்கும் இதே விதிதான், இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் கைவிடப்படும். படம் எடுக்க நிலையத்துக்கென ஒரே ஒரு போன். அதில் யாருடைய சொந்த கூகுள் கணக்கும் இருக்கக் கூடாது, இருந்தால் படங்கள் தானாகவே அவருடைய கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். பம்பர்ஸ் மாற்றும் இடத்துக்கும் பாத்ரூமுக்கும் எந்த போனும் போகாது. கலைவிழாவுக்கு வரும் படப்பிடிப்பாளரோடும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். படங்களை உங்களிடம் கொடுத்த பிறகு தன் விளம்பரத்துக்குப் பாவிக்க முடியாது என்று அதில் இருக்கட்டும்.

பெற்றோரின் சம்மதத்தை ஒரே கையெழுத்தில் வாங்காமல் மூன்றாகக் கேளுங்கள். பிள்ளையின் படத்தை அதன் பெற்றோருக்கு மட்டும் அனுப்பலாமா? மற்றப் பெற்றோரும் இருக்கும் குரூப்பில் போடலாமா? ஃபேஸ்புக் பக்கத்தில் போடலாமா? முதலாவதற்கு ஆம், மூன்றாவதற்கு இல்லை என்பவர்கள் நிறைய இருப்பார்கள். இல்லை என்றவரின் பிள்ளையைக் குழுப்படத்திலிருந்து ஒதுக்கி நிறுத்த வேண்டாம். எல்லோரையும் முதுகுப் பக்கமாகவோ, கைகளை மட்டுமோ எடுத்துவிடலாம். சம்மதத்தை எப்போதும் திரும்பப் பெறலாம் என்பதும் படிவத்தில் இருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சிறுவர் பற்றிய தரவை விசேட வகையில் சேர்த்திருக்கிறது.

சம்மதம் இருந்தாலும் போடக் கூடாதவை உண்டு. குளிக்கும், உடை மாற்றும் படங்கள், அழும் பிள்ளையின் ‘வேடிக்கை’ வீடியோ, முழுப் பெயரும் நிலையத்தின் பெயரும் ஒன்றாகத் தெரியும் சான்றிதழ்ப் படம். கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

வட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்ததும் ஒருவரின் எண் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. கம்யூனிட்டி வசதியில் உள்ள அறிவித்தல் குரூப்பைப் பாவித்தால் பெற்றோரின் எண்கள் மற்றப் பெற்றோருக்கு மறைந்திருக்கும். குரூப்தான் வேண்டும் என்றால் அட்மின் மட்டும் அனுப்பலாம் என்று அமைத்துவிடுங்கள், இரவு பதினொரு மணி ‘குட் நைட்’ பூக்களும் நின்றுவிடும். படங்கள் தானாகவே கேலரியில் சேமிக்கப்படுவதை நிறுத்தி வைக்கும்படி பெற்றோருக்கும் சொல்லுங்கள். யாருக்குக் காய்ச்சல், யார் யாரைக் கடித்தது என்பதெல்லாம் தனிப்பட்ட மெசேஜில் மட்டும்.

சிசிடிவி பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. பதிவு செய்து வைப்பது நல்லது. பெற்றோர் எல்லோரும் அலுவலகத்திலிருந்து நேரடியாகப் பார்க்கும் வசதி நல்லதல்ல. ஒரு பெற்றோர் பார்ப்பது எல்லோருடைய பிள்ளைகளையும்தான், அவருடைய திரையை யார் எட்டிப் பார்க்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. கேமராவோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள், பொருத்த வந்தவருக்கும் தெரியாத ஒன்றாக.

எப்போதாவது வீடியோ காட்டத்தான் வேண்டும் என்றால் முன்பே முழுமையாகப் பார்த்து, இறக்கி வைத்து, இணையத்தைத் துண்டித்துவிட்டுப் பெரிய திரையில் போடுங்கள், பக்கத்தில் ஒருவர் இருந்து கதைக்கட்டும். வீட்டில் யூடியூப் கொடுக்கும் பெற்றோருக்கு யூடியூப் கிட்ஸில் ‘அனுமதித்தவை மட்டும்’ என்ற அமைப்பைக் காட்டிக்கொடுங்கள். சாதாரண யூடியூபில் அடுத்த வீடியோ தானாக ஓடுவதை நிறுத்துவதுதான் முதல் வேலை. சாப்பாடு ஊட்டும்போது திரை வேண்டாம், பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாமலே போகும். டோஹாவில் இருக்கும் அப்பாவோடு வீடியோ கோலில் கதைப்பது வேறு விஷயம், அதைத் திரை நேரத்தில் சேர்க்க வேண்டாம்.

மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு நேரடியாகவும் தொடங்கலாம். படம் எடுக்கும் முன் ‘எடுக்கட்டா?’ என்று கேளுங்கள், வேண்டாம் என்று தலையாட்டினால் விட்டுவிடுங்கள். உடலின் மறைவான இடங்களுக்குச் சரியான பெயர் சொல்லிக்கொடுங்கள். யாராவது ‘அம்மாவுக்குச் சொல்லாத’ என்றால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். போனில் பயமான ஒன்றைப் பார்த்தால் வந்து சொல்லலாம், ஏச மாட்டோம் என்பதையும்.

ஆறாம் படி: ஏதோ தவறாகப் பட்டால்

பிள்ளை ஒன்றைச் சொன்னால் கேளுங்கள், துருவிக் கேட்காதீர்கள். ‘அவர் இங்க தொட்டவரா?’ என்று பதிலை நீங்களே எடுத்துக்கொடுப்பது பிறகு விசாரணையைக் கெடுக்கும். ‘சொன்னது நல்லது’ என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் சொற்களை அப்படியே, நாள், நேரத்தோடு எழுதிவையுங்கள். சந்தேகத்துக்குரியவர் உங்கள் ஊழியர் என்றால் அந்த நிமிடமே பிள்ளைகளிடமிருந்து விலக்குங்கள். ‘எங்கட பெயர் கெட்டுவிடும்’ என்று உள்ளுக்குள் பேசி முடிக்க முயல வேண்டாம். அப்படி முடித்துவைக்கப்பட்டவர்தான் அடுத்த டே கெயாரில் வேலைக்குச் சேர்வார்.

அழைக்க வேண்டிய எண் 1929. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச எண் இது, 24 மணி நேரமும் தமிழிலும் கதைக்கலாம். பொலிஸின் சிறுவர், பெண்கள் பணியக எண் 109. பிரதேச செயலகத்திலும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், பிரச்சினை வரும்முன்பே ஒருமுறை போய் அறிமுகமாகிக்கொள்ளுங்கள்.

போனில் தகாத படம் ஒன்றைக் கண்டால் அழிக்க வேண்டாம், ஆதாரம் என்று இன்னொருவருக்கு அனுப்பவும் வேண்டாம். சிறுவரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதே தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். அந்த போனில் எதையும் தொடாமல் அதைப் பூட்டி வைத்துவிட்டு, 1929க்கோ 109க்கோ அழைப்பு எடுத்து, அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள்.

ஏழாம் படி: பிள்ளை விலகும்போது

முதலாம் தரத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு விழா வைப்போம், அவர்களைப் பற்றிய தகவல்கள் மட்டும் வருடக்கணக்கில் நம்மிடமே கிடக்கும். விலகிய மாதத்துக்குள் பெற்றோரைக் குரூப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். நிலையத்தின் போனில் உள்ள படங்களைப் பெற்றோருக்குக் கொடுத்துவிட்டு அழியுங்கள், கிளவுட் கணக்கிலும் அதன் குப்பைத் தொட்டியிலும் பாருங்கள். ஃபேஸ்புக் பக்கத்தில் பழைய படங்கள் இருந்தால், வைத்திருக்கலாமா என்று மறுபடி கேளுங்கள். கூட்டிப்போவோர் பட்டியலையும் அடையாள அட்டை விபரங்களையும் கிழித்து எரித்துவிடலாம். விபத்து, பாதுகாப்பு முறைப்பாடு பற்றிய குறிப்புகளை மட்டும் பூட்டிய அலுமாரியில் வைத்திருங்கள், சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். விலகும் ஊழியருக்கும் இதே ஒழுங்குதான்: போன் பாஸ்வேர்ட், சிசிடிவி பாஸ்வேர்ட், வைஃபை எல்லாம் அவர் கடைசியாக வேலை செய்யும் நாளன்றே மாற வேண்டும்.